பிரிட்ஜில் வைத்த சாவி

ஜூலை 1, செவ்வாய்

காலையில் சர்க்கரை 138.

பேரன் கவியரசு ஓசூரில் வண்டிக் கம்பெனியில் இன்ஜினியர். பன்னிரண்டாவதில் பள்ளிக்கூடத்துக்கே முதலாவது வந்தவன். போன மாதம் அவனுக்குக் கீழே ஆறு பேரை வேலைக்குப் போட்டிருக்கிறார்கள். பேத்தி தீபிகா மஸ்கட்டில் நர்ஸ். போன மூன்றே மாதத்தில் அரபி பேசக் கற்றுக்கொண்டாள். அவள் போட்டால் ஊசி வலிப்பதில்லை என்று அங்கே வரிசையில் நிற்கிறார்களாம். கடைக்குட்டி சசிக்கு ஒன்பது வயது. சக்கரச் செருப்பு ஓட்டத்தில் மாவட்டத்தில் இரண்டாவது. முதலாவது வந்த பிள்ளைக்குக் கால் நீளம்.

அப்புறம் தாரணி, என் மகள் சுலோசனாவின் பெண். கோயமுத்தூரில் சினிமாப் படிப்பு படித்தவள். நாலு குறும்படத்தில் வேலை செய்திருக்கிறாள். அதில் ஒன்று கேரளத்தில் பரிசு வாங்கியது. கேமராவில் கண்ணை வைத்து அவள் நிற்கும் போட்டோவைக் கண்ணாடி போட்டு நடு வீட்டில் மாட்டியிருக்கிறேன். யார் வந்தாலும் முதலில் அதைத்தான் காட்டுகிறேன். டைரக்டர் என்று சொல்கிறேன்.

இந்த டைரி தீபிகா வாங்கிக் கொடுத்தது, சர்க்கரை அளவு எழுத. அதற்கு ஒரு வரி போதும். மீதிப் பக்கம் வீணாகிறதே என்று மற்றதையும் எழுதுகிறேன். ஐந்தாம் வகுப்போடு நின்றவள், பிழை இருந்தால் இருக்கட்டும்.

சனிக்கிழமை முதல் தாரணியின் படப்பிடிப்பு என் வீட்டில்தான். சுலோசனாவுக்கு இதில் இஷ்டமில்லை. எக்ஸ்போர்ட் கம்பெனியில் ஆகஸ்ட் ஒன்றாம் தேதி சேரச் சொல்லிக் கடிதம் வந்து வீட்டில் கிடக்கிறது. "இதுதான் கடைசி. இந்தப் படம் முடிஞ்சு அடுத்த படத்துக்கு நீயே வேணும்னு யாராவது கூப்பிட்டா போ. இல்லீன்னா ஒண்ணாந்தேதி கம்பெனிக்கு நட" என்று சொல்லிவிட்டாள். சொன்னால் சொன்னதுதான் அவள். யாரைப் போலவோ.

ஜூலை 4, வெள்ளி

நான்கு படி அரிசி ஊற வைத்தேன். ஒட்டடை அடித்தேன். எதிர்வீட்டு சரோஜாவிடம் சொன்னேன். அவளிடம் சொன்னால் போதும், வீதிக்கே சொன்ன மாதிரி.

ஜூலை 5, சனி

சர்க்கரை 144. நேற்று ஒரு பிடி பொரி உருண்டை.

எட்டுப் பேர் வந்தார்கள். எல்லோரும் என்னை அம்மிச்சி என்கிறார்கள், தாரணி கூப்பிடுகிறாளே என்று. டைரக்டர் பெயர் இம்ரான், ஈரோட்டுப் பையன். அவன்தான் டைரக்டராம். கேமராக்காரன் லோகு. நடிக்க வந்தவர் கனகவல்லியம்மா, கரூரில் நாற்பது வருஷம் நாடக மேடை ஏறியவர். என்னைவிட இரண்டு வயது மூத்தவர். செவ்வாய் சாயங்காலம் கிளம்ப வேண்டும் என்று முதலிலேயே சொல்லிவிட்டார், மருமகளுக்குப் பிரசவ நாள். கேமராவும் அன்றைக்கே திருப்பிக் கொடுக்க வேண்டியது.

கதை சின்னது. மகன் சண்டை போட்டுவிட்டு வீட்டை விட்டுப் போய்விட்டான். நாலு வருஷம் கழித்து ஒரு நாள் போன் வருகிறது. மகன் பேசவில்லை, மூச்சு மட்டும் கேட்கிறது. அம்மாவும் பேசவில்லை. கடைசியில் "சாப்பிட்டியா" என்று ஒரு வார்த்தை கேட்கிறாள். அவ்வளவுதான் படம்.

தாரணிக்கு என்ன வேலை என்றால், நீளக் கம்பு ஒன்றின் நுனியில் மைக்கு. அதற்கு மயிர் உறை போட்டிருக்கிறார்கள், பூனைக்குட்டி சுருண்டு தூங்குகிற மாதிரி. அந்தக் கம்பை இரண்டு கையாலும் தலைக்கு மேலே தூக்கிப் பிடிக்கிறாள். இடுப்பில் சத்தம் பிடிக்கிற பெட்டி, காதில் ஹெட்போன். இந்தப் படத்துக்கு மொத்தச் சத்தமும் அவள் பொறுப்பு.

மின்விசிறியை நிறுத்தினார்கள். சுவர்க் கடிகாரத்தின் பேட்டரியைக் கழற்றினார்கள். குக்கர் விசில் கூடாது என்றதால் சோறு வடித்துக் கொட்டினேன். எதிரே பனியன் கம்பெனி, பக்கத்தில் மூன்று தையல் யூனிட், எல்லா மிஷினும் ஓடுகிறது. "இன்னைக்குப் பேச்சு இல்லாத சீன் மட்டும் எடுக்கறோம் அம்மிச்சி. போன் சீன் நாளைக்கு. ஞாயித்துக்கிழமை கம்பெனி லீவல்லோ" என்றாள். யோசித்துத்தான் செய்கிறார்கள்.

சரோஜா ஜன்னலில் எட்டிப் பார்த்துவிட்டு, "ஏனுங்க்கா, டைரக்டர்னீங்க, புள்ள ஒட்டடைக் குச்சி புடிச்சிட்டு நிக்குது?" என்றாள்.

"ஒசரமான புள்ளைக்குத்தான் அதக் குடுப்பாங்க. உன்ற பேத்திக்கெல்லாம் எட்டாது" என்றேன்.

உள்ளே வந்து ஒரு டம்ளர் தண்ணீர் குடித்தேன். எனக்கு ஒன்றும் இல்லை. வெயில்தான்.

பிறகு நின்று பார்த்தேன். ஐந்து நிமிஷம், ஆறு நிமிஷம், கை இறங்கவில்லை, நடுங்கவில்லை. கனகவல்லியம்மா நடந்தால் கம்பும் கூடவே நடக்கிறது, கேமராவில் விழாமல், ஒரு நூல் மேலே. நான் முப்பத்தொரு வருஷம் எதிர்க் கம்பெனியில் செக்கிங்கில் நின்றவள். கை எதற்கு நடுங்கும், எப்போது நடுங்கும் என்று தெரியும்.

ஜூலை 6, ஞாயிறு

வீதியில் ஈ காக்கா சத்தமில்லை. காலை ஒன்பது மணியிலிருந்து ஒத்திகை. என்னை அடுப்படியில் கதவைச் சாத்திக்கொண்டு இருக்கச் சொன்னார்கள்.

பதினோரு மணி வாக்கில் மோர் எடுக்கலாம் என்று பிரிட்ஜைத் திறந்தால் உள்ளே இருட்டு. இத்தனைக்கும் இட்லி மாவு இரண்டு தூக்கு நிறைய இருக்கிறது, எட்டுப் பேருக்கு. மாவுத் தூக்கின் மூடி மேல் ஒரு ஸ்கூட்டர் சாவி. சின்னப் பிள்ளைகள், எதை எங்கே வைக்கிறோம் என்று கவனமில்லை. சாவியை எடுத்துக் காலண்டர் ஆணியில் மாட்டினேன். மாவையும் கவனித்துக்கொண்டேன்.

பதினொன்றரைக்குப் போன் சீன் எடுத்தார்கள். கதவிடுக்கில் பார்த்தேன். கனகவல்லியம்மா போனைக் காதில் வைத்த உடனே முகம் மாறிவிட்டது. அழவில்லை. கழுத்து நரம்பு மட்டும் அசைந்தது. "சாப்பிட்டியா" என்று அவர் கேட்டதும் லோகு கண்ணைத் துடைத்துக்கொண்டான். இம்ரான் கட் சொல்லவே மறந்துவிட்டான்.

தாரணி மட்டும் கண்ணை மூடி நின்றாள். கம்பை இறக்கி வைத்துவிட்டு, "சவுண்டுக்கு ஒன் மோர்" என்றாள். பெட்டியில் ஏதோ உறுமல் விழுந்துவிட்டதாம். கனகவல்லியம்மா மறுபடி உட்கார்ந்தார். மூன்று தடவை எடுத்தார்கள். வரவில்லை. "கண்ணு, கிணத்துல ஒரு வாளிதான் இருந்துது, எறச்சுட்டேன்" என்று சொல்லிவிட்டுப் படுத்துவிட்டார்.

"ஏன் தாரணி? எதனால உறுமல்?" என்று இம்ரான் கேட்டான்.

"பிரிட்ஜ். நிறுத்த மறந்துட்டேன்."

"மறந்துட்டியா?"

"மறந்துட்டேன்."

அவன் கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை. "இதுக்குத்தான் ஞாயித்துக்கிழமைக்குக் காத்துட்டிருந்தோம்" என்று மட்டும் சொன்னான். அந்த உறுமலை எடுத்தால் மூச்சும் சேர்ந்து போய்விடுமாம். மூச்சு இல்லாவிட்டால் படமே இல்லையாம்.

எனக்கு சினிமா ஒன்றும் தெரியாது. இட்லி நன்றாக வந்தது.

சாயங்காலம் கிளம்பும்போது தாரணி வண்டிச் சாவியைத் தேடினாள். பிரிட்ஜைத் திறந்தாள், மூடினாள். பிறகு காலண்டர் ஆணியைப் பார்த்தாள். என்னையும் ஒரு பார்வை பார்த்தாள். "வர்றனுங் அம்மிச்சி, மாத்திரை போட்டுக்கங்க" என்று சொல்லிவிட்டுச் சாவியை எடுத்துக்கொண்டு போனாள்.

ஜூலை 7, திங்கள்

சர்க்கரை பார்க்கவில்லை.

இன்றைக்கு ஈரோட்டிலிருந்து பிரவீண் என்று ஒருவன் மதியம் வருகிறானாம், சத்தம் பிடிக்க. தாரணியைத் துணிமணி பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டார்கள். கனகவல்லியம்மாவின் சேலையை என் கட்டிலில் உட்கார்ந்து மடித்துக்கொண்டிருந்தாள். ஓரம் ஓரமாகச் சேர்த்து, மடிப்புக் கலையாமல். அதையும் நன்றாகத்தான் செய்தாள்.

சுலோசனா போன் செய்தாள். "எப்படிம்மா போகுது, அவளை யாராச்சும் அடுத்த படத்துக்குக் கூப்பிட்டாங்களா?" என்று கேட்டாள். பால் பொங்குகிறது என்று சொல்லி வைத்துவிட்டேன். அடுப்பில் பால் இல்லை.

லோகு டீ குடிக்க அடுப்படிக்கு வந்தான். சும்மா கேட்கிற மாதிரிக் கேட்டேன், "ஏஞ்சாமி, வண்டிச் சாவியக் கொண்டுபோய் யாராச்சும் பிரிட்ஜுல வெப்பாங்களா?"

சிரித்தான். "சவுண்டுக்காரங்க வெப்பாங்க அம்மிச்சி. எந்த வீட்டுக்குப் போனாலும் பிரிட்ஜ நிறுத்தோணும். வேல முடிஞ்சு மறந்துட்டுப் போயிட்டா, அந்த வீட்டுக்காரங்க பாலு, மாவு எல்லாம் கெட்டுப்போயிருமல்லோ. அதுக்குத்தான் சாவிய உள்ள வெச்சர்றது. சாவி இல்லாம கிளம்ப முடியாது, எடுக்கத் திறந்தா சுவிட்ச் ஞாபகம் வந்துரும். தாரணிகூட எப்பவும்..." என்றவன் பாதியில் நிறுத்திக்கொண்டான். அவனுக்கே ஏதோ இடித்திருக்கும்.

டம்ளரைக் கழுவினேன். கழுவினதையே மறுபடி கழுவினேன்.

அவள் பிரிட்ஜை நிறுத்தியிருக்கிறாள். என் மாவு புளிக்கக் கூடாதென்றுதான் சாவியை மாவு மேலேயே வைத்திருக்கிறாள். நான்தான் சுவிட்சைப் போட்டேன். இதை நேற்றே எழுதியிருக்கலாம். எழுதவில்லை.

செக்கிங்கில் ஒவ்வொருத்திக்கும் ஒரு நம்பர் உண்டு. பார்த்து முடித்த பனியனில் அந்த நம்பர் ஸ்டிக்கரை ஒட்டுவோம். என் நம்பர் பதினாலு. ஓட்டை விழுந்த பீஸ் திரும்பி வந்தால் சூப்பர்வைசர் ஸ்டிக்கரைப் பார்த்துக் கூப்பிடுவார். முப்பத்தொரு வருஷத்தில் என் நம்பர் ஒன்பது தடவை வந்திருக்கிறது. ஒன்பது தடவையும் நானே கையைத் தூக்கினேன். நேற்றைய பீஸ் என்னுடையது. அதில் தாரணி தன் நம்பரை ஒட்டிவிட்டாள்.

நடு வீட்டில் எல்லோரும் இருந்தார்கள். போய் நின்று கையைத் தூக்கினேன். பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி இருந்திருக்கும்.

"பிரிட்ஜப் போட்டது நாந்தானுங்க. அவ நிறுத்தித்தான் வெச்சிருந்தா. சாவியும் உள்ளதான் இருந்துது."

இம்ரான் தாரணியைப் பார்த்தான். "ஏன் சொல்லல?"

"சவுண்டு என்ற பொறுப்புங்ணா. யாரு சுவிட்ச் போட்டாலும், அவங்ககிட்ட முன்னாடியே சொல்லி வெக்காதது நாந்தானே" என்றாள். சேலையைக் கீழே வைக்கவில்லை.

கட்டிலில் சாய்ந்திருந்த கனகவல்லியம்மா, "அடேங்கப்பா, வசனம் எழுதிக் குடுக்காமயே பேசறாங்க ரெண்டு பேரும்" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். இம்ரானுக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை. "சரிங்க அம்மிச்சி. ஆனா நாளைக்கு செவ்வாய்க்கிழமை. இந்த மிஷின் சத்தத்துல யாரு வந்து புடிச்சாலும் மூச்சு விழுகாது" என்றான்.

அப்போதுதான் எனக்கு ஞாபகம் வந்தது. செவ்வாய். காலையில் பேப்பரில் எங்கள் பகுதி பெயர் வந்திருந்தது, ஒன்பது முதல் நான்கு வரை மின்தடை. மாதாமாதம் பராமரிப்பு வேலைக்கு நிறுத்துவார்கள். மூன்று தையல் யூனிட்டுக்கும் ஜெனரேட்டர் கிடையாது, பூட்டிவிடுவார்கள் என்று சொன்னேன்.

"லைட்டு?" என்றான் இம்ரான்.

"பின்னாடி பொடக்காளிக் கதவத் தொறந்து வெச்சா வெளிச்சம் போதும். பேட்டரிய இன்னைக்கே சார்ஜ் போட்டுக்கறேன்" என்றான் லோகு.

"எதுத்த கம்பெனியில ஜெனரேட்டர் இருக்குதே" என்றாள் தாரணி. அவளுக்கு எல்லாம் காதில் விழும்.

"அத நாம் பாத்துக்கறேன்" என்றேன்.

சேலையை மாற்றிக்கொண்டு கம்பெனிக்குப் போனேன். சின்ன முதலாளியை அரை டிராயர் போட்ட நாளிலிருந்து தெரியும். விஷயத்தைச் சொன்னேன். தலையில் கை வைத்தான்.

"மாரக்கா, நாளைக்கு சாயங்காலம் கன்டெய்னர் கெளம்புது. ஒரு பீஸுல ஒரு நூல் தொங்குனாக்கூட நீங்க எனக்காக விட்டதில்ல. இப்ப நான் மட்டும் உங்களுக்காக ஜெனரேட்டர நிறுத்தோணுமா?"

"விட்டிருந்தா உன்ற கன்டெய்னரு இந்நேரம் திரும்பி வந்திருக்கும் தம்பி."

சிரித்துவிட்டான். பதினோரு மணி டீ நேரம் பதினைந்து நிமிஷம். அதோடு பத்து சேர்த்து இருபத்தைந்து. அதற்கு மேல் ஒரு நிமிஷமும் முடியாது என்றான்.

திரும்பி வந்தபோது பிரவீணை வர வேண்டாம் என்று சொல்லியிருந்தார்கள். கம்பு தாரணி கையில் இருந்தது.

ஜூலை 8, செவ்வாய்

சர்க்கரை 131.

ஒன்பது மணிக்குக் கரண்ட் போனது. ஒன்பது ஐந்துக்கு எதிரே ஜெனரேட்டர் பிடித்தது. சுவரெல்லாம் அதிர்ந்தது. இத்தனை வருஷம் இந்தச் சத்தத்துக்குள்தான் சமைத்திருக்கிறேன், தூங்கியிருக்கிறேன். இன்றைக்குத்தான் காது வலித்தது.

எல்லாம் தயாராக இருந்தது. கனகவல்லியம்மா காலையிலிருந்து யாரிடமும் பேசவில்லை. நான் கொடுத்த காப்பியையும் வாங்கவில்லை. வாளியை நிரப்பிக்கொண்டிருக்கிறார் என்று நினைத்துக்கொண்டேன்.

பதினோரு மணிக்கு ஜெனரேட்டர் நின்றது.

அப்படி ஒரு அமைதியை நான் கேட்டதில்லை. இம்ரான் கையைக் காட்டினான். எனக்கு இந்தத் தடவை அடுப்படியில்லை. தாரணியின் காலுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, அவள் பெட்டியிலிருந்து போகிற ஒயரை யாரும் மிதிக்காமல் பிடித்துக்கொள்கிற வேலை. அவள்தான் கொடுத்தாள்.

முதல் தடவை எங்கேயோ நாய் குரைத்தது. நிறுத்தினார்கள். இரண்டாவது தடவை கனகவல்லியம்மாவே கையை ஆட்டி வேண்டாம் என்றார். பத்து நிமிஷம் போய்விட்டது. யாரும் யாரையும் பார்க்கவில்லை.

மூன்றாவது. போனைக் காதில் வைத்தார். ஞாயிற்றுக்கிழமை மாதிரி இல்லை. அன்றைக்குக் கழுத்து நரம்பு அசைந்தது. இன்றைக்கு எதுவுமே அசையவில்லை. சும்மா இருந்தார், ரொம்ப நேரம். நான் அண்ணாந்து தாரணியைப் பார்த்தேன். கண்ணை மூடவில்லை. கனகவல்லியம்மாவின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த அம்மா மூச்சை இழுப்பதற்கு ஒரு கணம் முன்னால் கம்பு ஒரு விரற்கடை கீழே இறங்கியது. மூச்சு வருகிறதென்று இவளுக்கு எப்படித் தெரிந்ததோ. "சாப்பிட்டியா" என்று கேட்டது பக்கத்தில் இருந்த எனக்கே காதில் சரியாக விழவில்லை. அவ்வளவு மெதுவாக. தாரணிக்கு விழுந்தது. முகத்தில் தெரிந்தது.

"கட்" என்றான் இம்ரான். எல்லோரும் தாரணியைத்தான் திரும்பிப் பார்த்தார்கள். டைரக்டரையோ கேமராவையோ பார்க்கவில்லை. என் பேத்தியைப் பார்த்தார்கள்.

"சவுண்டு ஓகே" என்றாள்.

லோகு துள்ளப் போனான். "அசையாதீங்க! இன்னும் ஒரே நிமிஷம், வெறும் வீட்டுச் சத்தம் எடுக்கோணும்" என்றாள். யாரும் பேசாமல் அசையாமல் நிற்க வேண்டுமாம். அந்த ஒரு நிமிஷத்தை வெட்டி ஒட்டுகிற இடங்களில் போட்டு நிரப்புவார்களாம். தன் ஹெட்போனைக் கழற்றி என் காதில் வைத்தாள்.

குழாய் சொட்டியது. ஓட்டில் அணில் ஓடியது. காலண்டர் தாள் காற்றுக்கு ஒரு முறை எழுந்து படுத்தது. கனகவல்லியம்மா உட்கார்ந்திருந்த நாற்காலி முனகியது. இதெல்லாம் எனக்குத் தெரிந்த சத்தம்தான். என் வீட்டுக்காரர் போய்ச் சேர்ந்து எட்டு வருஷமாக நான் மட்டும் கேட்கிற சத்தம். இதையும் ஒருத்தி பத்திரமாகப் பெட்டியில் பிடித்து வைத்துக்கொள்கிறாள்.

அப்புறம்தான் நேரம் நினைவுக்கு வந்தது. இருபத்தைந்து நிமிஷம் தாண்டி நாலு நிமிஷம் ஆகியிருந்தது. ஜெனரேட்டர் சத்தம் வரவில்லை. வெளியே போய்ப் பார்த்தேன். கம்பெனி கேட்டில் செக்கிங் பெண்கள் முப்பது நாற்பது பேர் டீ டம்ளரோடு நிற்கிறார்கள். ஒருத்திகூடப் பேசவில்லை. முப்பது பெண்கள் டீ நேரத்தில் பேசாமல் நின்று நான் பார்த்ததே கிடையாது. சின்ன முதலாளி வாட்சைப் பார்த்துக்கொண்டு ஜெனரேட்டர்காரன் தோளில் கை போட்டு நின்றான், அவனை நிறுத்திப் பிடிக்கிற மாதிரி.

ஆயிற்று என்று கையைக் காட்டினேன். ஒரே கூச்சல்.

சரோஜா வாசலிலேயே பிடித்துக்கொண்டாள். "என்னக்கா, உங்க டைரக்டர் படம் முடிஞ்சுதுங்களா?"

"டைரக்டர் இல்ல சரோஜா. அவ சத்தம் புடிக்கறவ. நாந்தான் தெரியாம டைரக்டர்னு சொல்லீட்டேன். அவ சரின்னு சொன்னாத்தான் டைரக்டரே அடுத்த வேலைக்குப் போக முடியும்" என்றேன்.

ஜூலை 9, புதன்

கடிகாரத்துக்குப் பேட்டரி போட்டேன். பிரிட்ஜைத் திறந்து பார்த்தேன். சாவி எதுவும் இல்லை.

ஜூலை 19, சனி

சர்க்கரை 129. தீபிகாவிடம் சொல்ல வேண்டும், சந்தோஷப்படுவாள்.

சுலோசனா போன் செய்தாள். இம்ரான் சென்னையில் அடுத்த படம் பண்ணுகிறான். முதல் ஆளாகத் தாரணியைத்தான் கேட்டிருக்கிறான். வீட்டுக்கே வந்து, சுலோசனா போட்ட காப்பியைக் குடித்துவிட்டு, "தாரணி வரலீன்னா நான் தேதியத் தள்ளி வெச்சுக்கறேங்க" என்றானாம். சுலோசனா கம்பெனிக் கடிதத்தை என்ன செய்தாள் என்று சொல்லவில்லை. "அவளுக்குப் பெட்டி வாங்கோணும்மா, சக்கரம் வெச்சது" என்று மட்டும் சொன்னாள்.

படத்தின் கடைசியில் பெயர்கள் ஓடுகிற பகுதியைப் போனில் அனுப்பினார்கள். சரோஜாவைக் கூப்பிட்டுப் படிக்கச் சொன்னேன். எனக்கும் படிக்கத் தெரியும், இருந்தாலும் அவள் வாயால் வர வேண்டுமல்லவா. 'ஒலிப்பதிவு: தாரணி' என்று படித்தாள். இன்னும் கீழே, 'ஒலி உதவி: மாராத்தாள்' என்று படித்துவிட்டு என்னைப் பார்த்தாள். ஒயர் பிடித்ததற்காம். செக்கிங்கில் முப்பத்தொரு வருஷம் நம்பர்தான் ஒட்டினார்கள். பெயர் எங்கேயும் போட்டதில்லை.

நாளைக்குக் குடும்பக் குரூப்பில் குரல் பதிவு போட வேண்டும். மறந்துவிடாமல் இங்கேயே எழுதி வைத்துக்கொள்கிறேன்:

கண்ணு தாரணி, நல்லாயிரு சாமி. சுவரில் மாட்டியிருக்கிற உன் போட்டோவைக் கழற்றிவிட்டேன். அது யாருடைய கேமராவோ, நீ சும்மா கண்ணை வைத்து நின்றது. லோகுவிடம் கேள், செவ்வாய்க்கிழமை ஒத்திகையில் ஒன்று எடுத்தான். நீ கம்பைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு கனகவல்லியம்மாவின் வாயையே பார்க்கிறாய், கீழே என் தலை பாதி தெரிகிறது. என் தலையை வெட்டினாலும் பரவாயில்லை, கம்பு மட்டும் நுனி வரைக்கும் முழுசாக விழ வேண்டும். கண்ணாடிக்காரனிடம் சட்டம் சொல்லி வைத்துவிட்டேன். அந்தப் போட்டோவைச் சீக்கிரம் அனுப்பி விடு.